வீட்டிலிருந்து கோடிங்: சேலத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூரிலிருந்து ஊர் திரும்பி வீட்டிலேயே வேலை பார்ப்பவர்கள், படிப்பு முடித்து முதல் லேப்டாப் வாங்கப் போகிறவர்கள், அதற்குப் பணம் கட்டப்போகும் அப்பா அம்மாக்கள். மூன்று தரப்பும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டுவதற்குப் பதில் இங்கே தொகுத்துவிட்டேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன. வீடியோ எடிட்டிங், கேமிங் எல்லாம் வேறு கணக்கு. அது இங்கே இல்லை.

தம்பி, பையன் லட்ச ரூபாய்க்கு லேப்டாப் கேக்கறான். கோடிங் பண்ண அவ்வளவு வேணுங்களா?

வேண்டியதில்லை. 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, கண்ணுக்கு உறுத்தாத திரை, இவ்வளவு இருந்தால் போதும். தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்று சொன்னால் எந்தப் பாடத்துக்கு என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அது கேமுக்குத்தான். 8 ஜிபி வாங்கி மிச்சம் பிடிக்காதீர்கள். பிரவுசர், நிரல் எழுதும் எடிட்டர், திரைக்குள்ளேயே ஒரு போனைப் போல ஓடும் ஆண்ட்ராய்டு எமுலேட்டர் மூன்றும் ஒன்றாகத் திறந்தால் மெஷின் திணறும். பல மெல்லிய லேப்டாப்களில் ராம் போர்டிலேயே பற்றவைத்து வருவதால் பின்னால் கூட்டவும் முடியாது. கடையில் இதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஐபோன் செயலி எழுதுவதானால் மட்டும் மேக் தவிர வழியில்லை, அதற்கான எக்ஸ்கோட் என்ற மென்பொருள் அதில்தான் ஓடும். மற்றபடி வீட்டில் ஹார்டு டிஸ்க் போட்ட பழைய மெஷின் இருந்தால் அதில் எஸ்எஸ்டி மாற்றி ஆறு மாதம் ஓட்டிப் பார்க்கலாம். பையனுக்கு இந்த வேலை பிடிக்கிறதா என்பதும் அதற்குள் தெரிந்துவிடும்.

அப்ப மிச்சக் காசுல முதல்ல எதை வாங்கறது?

நாற்காலி. என் கணக்கு எளிது: திரைக்கு வெளியே இருப்பதற்குப் பணம் செலவாகும், திரைக்கு உள்ளே இருப்பதற்குப் பழக்கம் செலவாகும். உள்ளே தேவைப்படும் நல்ல கருவிகளில் பெரும்பாலானவை இலவசம். வெளியே இருப்பவை இலவசமாகக் கிடைக்காது, ஆனால் நம்மவர்கள் அங்கேதான் கையைச் சுருக்குகிறார்கள். லட்ச ரூபாய் லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, பந்திக்குப் போடும் பிளாஸ்டிக் நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்காருகிறார்கள்.

புது நாற்காலிதான் வேண்டும் என்பதில்லை. காலி செய்யும் ஆபீஸ்களின் சாமான்களை விற்கும் கடைகளில் நல்ல நாற்காலிகள் குறைந்த விலைக்கு வரும். உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள். பாதம் தரையில் முழுதாகப் படிய வேண்டும், முதுகின் அடிப்பகுதிக்குத் தாங்கல் வேண்டும், முழங்கை மேசை உயரத்துக்கு வர வேண்டும். ஏற்றி இறக்கும் லிவர் வேலை செய்கிறதா, ஏற்றிய பின் தானாக இறங்குகிறதா என்று அங்கேயே பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

ரெண்டு மானிட்டர் இருந்தாத்தான் வேலை ஓடுமா?

இல்லை. லேப்டாப்புடன் 24 இஞ்ச் மானிட்டர் ஒன்று இருந்தால் பெரும்பாலானவர்களுக்குப் போதும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில், ஒரு கை நீளத் தூரத்தில் இருக்கட்டும். மானிட்டர் வாங்க வசதியில்லை என்றால் லேப்டாப்பைப் பழைய செமஸ்டர் புத்தகங்கள் மேல் ஏற்றி வைத்துத் தனி கீபோர்டு, மவுஸ் சேர்த்துக்கொள்ளுங்கள். கழுத்து வலி அதிலேயே பாதி குறையும்.

மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கச் சொல்றாங்களே, அது பந்தா தானே அண்ணா?

பாதி பந்தா. மீதிப் பாதி உண்மை: ஒவ்வொரு விசைக்கும் தனி சுவிட்ச் இருப்பதால் விசை பதிந்தது விரலுக்குத் தெளிவாகத் தெரியும், பல வருஷம் உழைக்கும். இது என்னவோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். நம் ஊர் பில்லிங் கவுண்டர்களில் டக்டக்கென்று சத்தம் போடும் டிவிஎஸ் கோல்ட் மெக்கானிக்கல் கீபோர்டுதான். வீட்டில் குழந்தை தூங்கும் அறையில் உட்கார்ந்து எழுதுபவர் அந்த வகைச் சத்த சுவிட்சை வாங்காதீர்கள். சத்தமில்லாத வகைகளும் உண்டு.

இன்னொன்று: கீபோர்டு முன்னால் தட்டுவடை செட் சாப்பிடாதீர்கள். அதிலிருக்கும் பீட்ரூட் துருவல் விசைக்கு அடியில் போய்விட்டால் எடுக்க முடியாது.

மாசாமாசம் பராமரிப்புன்னு கரண்ட் நிறுத்தறாங்க. வீட்ல இன்வெர்டர் இருக்கு, அது தாங்குமா?

தாங்கும், கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால். துணை மின் நிலையப் பராமரிப்பு என்றால் காலை 9 மணிக்கு நின்ற கரண்ட் சில நாள் மாலைதான் வரும். வீடுகளில் பொதுவாக இருப்பது 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர் மணி) பேட்டரி. பெருக்கினால் 1800 வாட் மணி. ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும், ஆகவே 900 என்று வையுங்கள். இன்வெர்டரில் வீணாவது போக 750 கைக்கு வரும்.

இனி செலவு. லேப்டாப் 50 வாட், மானிட்டர் 25, ரவுட்டர் 10. சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். மொத்தம் 160, அஞ்சு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும். அதே இடத்தில் பிஎல்டிசி ஃபேன் என்றால் 30 வாட். மொத்தம் 115, ஆறரை மணி நேரம். புரோகிராமருக்கு என்ன கருவி வாங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் ஃபேன் என்று சொல்வது இதனால்தான். புது பேட்டரிக்கான கணக்கு இது. நாலு வருஷம் ஆன பேட்டரியில் இதில் பாதியை எதிர்பாருங்கள்.

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் இன்வெர்டரின் பின்பக்கம் பாருங்கள். பல மாடல்களில் யுபிஎஸ் முறை, சாதாரண முறை என்று ஒரு சுவிட்ச் இருக்கும். யுபிஎஸ் முறையில் மாற்றம் வேகமாக நடக்கும், மெஷின் அணையாது. புதிதாக வாங்குவதானால் சைன் வேவ் வகை. சதுர அலை வகையில் ஃபேன் முனகும், அடாப்டரும் அதிகம் சூடாகும்.

கரண்ட் போனப்ப லேப்டாப் ஓடுது, ரவுட்டரும் எரியுது. ஆனா நெட் மட்டும் போயிருதே?

உங்களுக்கு வரும் லைன் எந்த வகை என்பதைப் பொறுத்தது. வீடு வரைக்கும் கண்ணாடி இழை வந்து, அது பேசிவ் நெட்வொர்க்காக இருந்தால், நடுவழியில் மின்சாரம் தேவைப்படும் கருவி எதுவும் கிடையாது. கம்பத்தில் இருக்கும் பிரிப்பான் வெறும் கண்ணாடிதான். உங்கள் ரவுட்டருக்கும் அந்தப் பக்கம் ஆபரேட்டரின் மையத்துக்கும் கரண்ட் இருந்தால் போதும். தெருமுனை வரை இழை வந்து அங்கிருந்து வீட்டுக்குச் செம்புக் கம்பி இழுத்திருந்தால், கம்பத்துப் பெட்டியில் ஒரு சுவிட்ச் உட்கார்ந்திருக்கும். தெருவில் கரண்ட் போனால் அதுவும் போகும்.

புது இணைப்பு எடுக்கும்போது வேகம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள். 300 எம்பிபிஎஸ் எல்லாம் நிரல் எழுதத் தேவையே இல்லை. 40 போதும், அறுந்து போகாமல் இருக்க வேண்டும். ரவுட்டருக்கு மட்டும் தனியாக 12 வோல்ட் மினி யுபிஎஸ் கிடைக்கிறது. இன்வெர்டர் இல்லாத வாடகை வீட்டுக்கு அது நல்ல முதலீடு.

லேப்டாப் மேல கை வெச்சா சுர்ருனு இழுக்குது. ரிப்பேரா?

பெரும்பாலும் லேப்டாப்பில் குறையில்லை, சுவரில்தான். உலோக உடல் கொண்ட லேப்டாப்பின் அடாப்டரிலிருந்து மிகச் சிறிய அளவில் மின்கசிவு எப்போதும் இருக்கும். எர்த் இருந்தால் அது அங்கே இறங்கும். இல்லையென்றால் உங்கள் மணிக்கட்டில் தெரியும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வெர்ட்டரில் செருகியிருந்தால் முதலில் அதைத் தூக்கிப் போடுங்கள். பழைய வீடுகளில் மூன்று துளை இருக்கும், எர்த் கம்பி உள்ளே இணைத்தே இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு டெஸ்ட் பண்ணச் சொல்லுங்கள். சுர்ரென்பது பலமாக அடித்தால் அடாப்டரையும் உடனே மாற்றுங்கள்.

சித்திரை வெயில்ல மெஷின் ஆமை மாதிரி போகுது. ஃபார்மட் பண்ணலாமா?

ஃபார்மட் வேண்டாம். வெப்பம் ஒரு அளவைத் தாண்டினால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அறையே 38 டிகிரியில் இருக்கும்போது விசிறி உள்ளே இழுப்பதும் சூட்டுக் காற்றைத்தான். கொண்டலாம்பட்டி, அம்மாப்பேட்டை பக்கம் தறி ஓடும் தெருவில் இருப்பவர்களுக்குக் கூடுதலாகப் பஞ்சுத் தூசி. அடிமூடியைக் கழற்றிப் பார்த்தால் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் வாயில் மெல்லிய கம்பளி போலப் படிந்திருக்கும். வருஷத்துக்கு இரண்டு முறை சுத்தம் செய்யுங்கள். மெத்தை மேல் வைத்து வேலை பார்க்காதீர்கள்.

நாள் முழுக்க சார்ஜரில் போட்டே வைத்திருப்பவர்கள், லேப்டாப்பின் அமைப்புகளில் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருக்கிறதா பாருங்கள். சூடும் முழு சார்ஜும் சேர்ந்தால் லித்தியம் பேட்டரி சீக்கிரம் தளர்ந்து போகும்.

பக்கத்து வீட்ல விசைத்தறி. நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் வாங்கினா சத்தம் நின்னுடுமா?

முழுதாக நிற்காது. அந்தத் தொழில்நுட்பம் ஒரே சீராக வரும் தாழ்ந்த ஒலியைத்தான் நன்றாக அழிக்கும்: ஃபேன், ஜெனரேட்டர், பஸ் எஞ்சின். தறியின் டடக் டடக் என்பது திடீர் திடீரென வரும் அடி. அதன் அடியில் இருக்கும் மோட்டார் முனகல் போய்விடும், அடி மட்டும் மெல்லிசாக மிஞ்சும். காதை முழுதாக மூடும் வகையை வாங்கி, மழைச் சத்தம் போன்ற ஒன்றைக் குறைந்த அளவில் ஓடவிட்டால் மிச்சமும் மறைந்துவிடும். ஒலியைக் கூட்டித் தறியோடு போட்டி போடாதீர்கள், காதுதான் தோற்கும்.

சரி, திரைக்கு உள்ள வருவோம். எந்த எடிட்டர் அண்ணா நல்லது?

புதிதாகத் தொடங்குபவருக்கு விஎஸ் கோட். மைக்ரோசாஃப்ட் 2015இல் வெளியிட்டது, இலவசம், எல்லா மொழிக்கும் நீட்சிகள் உண்டு. விம் என்ற எடிட்டர் பற்றி யாராவது உசுப்பேற்றியிருப்பார்கள். அதன் வேர் 1976இல் பில் ஜாய் எழுதிய விஐ. சர்வருக்குள் நுழைந்தால் பல இடங்களில் அதுதான் இருக்கும், எனவே திறக்க, திருத்த, சேமிக்க, வெளியே வர என்று நாலு விஷயம் தெரிந்திருந்தால் போதும். மீதி ஆசைப்பட்டவர்களுக்கு.

எதை எடுத்தாலும் ஒரு ஃபங்ஷன் எழுதப்பட்ட இடத்துக்கு (வரையறைக்கு) நேராகத் தாவுவது, பெயரை எல்லா இடத்திலும் ஒரேயடியாக மாற்றுவது, கோப்பைப் பெயரால் தேடுவது, இந்த மூன்றுக்கும் குறுக்கு விசையைக் கைக்குப் பழக்குங்கள். பழக்கம் செலவாகும் என்று மேலே சொன்னது இதைத்தான். தீம் மாற்றுவதில் ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்காதீர்கள்.

கிட், கிட்ஹப் ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. கிட் உங்கள் மெஷினில் ஓடும் கருவி, நிரலில் செய்யும் மாற்றங்களைப் படிப்படியாகப் பதிவு செய்து வைக்கும்; லினக்ஸ் கெர்னலின் நிரலைப் பராமரிக்க லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதினார். நெட் இல்லாமலும் முழுதாக வேலை செய்யும். கிட்ஹப் என்பது அந்தப் பதிவுத் தொகுப்பின் ஒரு நகலைப் போட்டு வைக்கும் இணையதளம், 2008இல் வந்தது, 2018 முதல் மைக்ரோசாஃப்டினுடையது.

ஒரே ஒரு கருவியை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் எடிட்டரை விட்டுவிட்டுக் கிட்டை வைத்துக்கொள்வேன். "ஃபைனல்", "ஃபைனல் 2", "ஒரிஜினல் ஃபைனல்" என்று ஃபோல்டர் வைத்திருக்கும் ஆள், பயத்தில் எதையும் அழிக்க மாட்டார். திரும்பிப் போக வழி இருக்கிறது என்று தெரிந்தவர்தான் துணிந்து நிரலைத் திருத்துவார்.

அண்ணா அவசரம்! ரீசெட் ஹார்டு கொடுத்துட்டேன், எல்லாம் போச்சு!

ரீசெட் ஹார்டு என்பது கையில் இருக்கும் மாற்றங்களைத் தூக்கியெறிந்து பழைய நிலைக்குப் போகும் கிட் கட்டளை. அதற்கு முன் கமிட் செய்திருந்தீர்களா, அதாவது மாற்றங்களைக் கிட்டில் பதிந்திருந்தீர்களா? செய்திருந்தால் போகவில்லை. ரீஃப்லாக் கட்டளையைக் கொடுங்கள். நீங்கள் சமீபத்தில் நின்ற இடங்கள் வரிசையாக வரும். பழைய இடத்தைப் பார்த்து அங்கே ஒரு கிளையை உருவாக்கினால் வேலை திரும்பிவிடும். இயல்பான அமைப்பில் இப்படித் தொங்கலில் விடப்பட்ட கமிட்கள் 30 நாளாவது கிடக்கும், அதனால் பதற வேண்டாம்.

கமிட் செய்யவில்லை, ஆனால் ஆட் (கமிட்டுக்கு முன் கோப்பைத் தயாராக எடுத்து வைப்பது) மட்டும் செய்திருந்தீர்கள் என்றால் எஃப்எஸ்சிகே கட்டளையில் கோப்பின் உள்ளடக்கம் பெயரில்லாமல் கிடைக்கும்; ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து அடையாளம் காண வேண்டும். இரண்டும் செய்யவில்லை என்றால் கிட்டால் ஒன்றும் ஆகாது. விஎஸ் கோட்டில் டைம்லைன் பகுதியைப் பாருங்கள், நீங்கள் சேமித்த பழைய வடிவங்கள் அங்கே தனியாக இருக்கலாம்.

போன மாசம் ஓடின புரோகிராம் இப்ப ஓடல. நடுவுல 200 கமிட். எங்கனு தேடறது?

எல்லாவற்றையும் படிக்காதீர்கள். கிட்டில் பைசெக்ட் இருக்கிறது. ஓடிய கமிட் ஒன்று, ஓடாத கமிட் ஒன்று சொன்னால் அது நடுவில் ஒன்றை எடுத்து நீட்டும். ஓடுகிறதா இல்லையா என்று நீங்கள் சொன்னால் பாதி கழியும், பிறகு மீதியில் பாதி. 200 கமிட்டுக்கு எட்டு முறை பார்த்தால் குற்றவாளி கையில். கமிட்களைச் சின்னச் சின்னதாகப் போட்டிருந்தால்தான் இது பயன்படும். "எல்லாம் மாத்தியாச்சு" என்ற ஒரே கமிட்டில் மூவாயிரம் வரி இருந்தால், கண்டுபிடித்தும் பயனில்லை.

அந்தக் கமிட்டிலும் காரணம் பிடிபடவில்லை என்றால், வரி வரியாக வாய்விட்டு யாருக்காவது விளக்குங்கள். வெளிநாட்டு புரோகிராமர்கள் இதற்கு மேசையில் ஒரு ரப்பர் வாத்து பொம்மை வைத்துக்கொள்கிறார்கள். நம் மேசையில் எப்படியும் ஒரு பிள்ளையார் இருப்பார்.

இப்ப ஏஐயே எழுதித் தருதே. இதையெல்லாம் கத்துக்கணுமா?

முன்னைவிட அதிகமாக. அது எழுதித் தருவதை வாசித்து, எது மாறியது என்று ஒப்பிட்டு, தப்பென்றால் திரும்பிப் போக வேண்டியது நீங்கள். அதற்குத்தான் கிட். நானும் தினம் பயன்படுத்துகிறேன்; சோதனைகள் எழுத, பழகாத மொழியில் ஒரு வாக்கியம் எப்படி வரும் என்று கேட்க அது அருமை. இல்லாத ஒரு ஃபங்ஷனை இருப்பது போலவே அடித்துச் சொல்லும்போதுதான் சிக்கல், படிக்கத் தெரியாதவர் அங்கேயே மாட்டிக்கொள்வார். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, வாடிக்கையாளரின் விவரம் எதையும் அதில் ஒட்டாதீர்கள்.

வெள்ளிக் கடைக்கு பில்லிங் எழுதறேன். தமிழ்ப் பேரு பாதியில வெட்டுப்படுது, ஏன்?

வெள்ளிக் கடைகள் இருக்கும் நம் செவ்வாய்ப்பேட்டைக்கு மென்பொருள் எழுதும் எல்லோரும் ஒருநாள் இங்கே வந்து நிற்பார்கள். "சேலம்" என்று எழுதினால் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் அது ஐந்து குறியீடு: ச, ஏகாரக் குறி, ல, ம, புள்ளி. அதைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 15 பைட். ஜாவாஸ்கிரிப்டில் நீளம் கேட்டால் 5 என்று சொல்லும். நாலாவதோடு வெட்டினால் புள்ளி விழுந்து "சேலம" ஆகிவிடும். ஆகவே குறியீட்டால் வெட்டாமல் கிராஃபீம் (கண்ணுக்குத் தெரியும் முழு எழுத்து) பிரிக்கும் வசதியால் வெட்டுங்கள். இப்போதைய பிரவுசர்களில் அதற்கு Intl.Segmenter உண்டு. அப்போதும் "க்ஷ", "ஸ்ரீ" இரண்டும் இரண்டிரண்டு துண்டாகத்தான் வரும், அதற்கு நீங்களே விதி எழுத வேண்டும்.

அடுத்து வருபவை: தெர்மல் பிரிண்டர்கள் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்துரு கிடையாது, பில்லைப் படமாக்கி அனுப்புங்கள். எஸ்எம்எஸ்ஸில் ஆங்கிலத்துக்கு 160 இடம், தமிழ் கலந்தால் 70தான். அதுவும் குறியீட்டுக் கணக்கு. கடைக்காரர் தரும் பழைய எக்செல்லில் கிறுக்கலாக ஆங்கில எழுத்துகள் தெரிந்தால் அது பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் அடித்தது, யூனிகோடுக்கு மாற்றி வாங்குங்கள். இனிமேல் அடிப்பதைத் தமிழ்99 விசைப்பலகை முறையில் அடிக்கச் சொல்லுங்கள், விண்டோஸிலேயே இருக்கிறது.

ஏற்காட்டுல ஒரு மாசம் ரூம் எடுத்து அங்கிருந்தே வேலை பாக்கலாமா?

பார்க்கலாம், ரூம் காட்டும்போது ஜன்னல் காட்சிக்கு முன் சிக்னல் பாருங்கள். 1500 மீட்டர் உயரத்தில் வெயில் பிரச்சினை தீர்ந்தது; அதற்குப் பதில் பள்ளத்தில், மரத்தடியில் இருக்கும் எஸ்டேட் வீடுகளில் போன் ஒரு கோடு காட்டும். வேறு வேறு நிறுவனத்தின் இரண்டு சிம் வேண்டும். தேவையான ஆவணங்களைக் கீழே இருக்கும்போதே இறக்கி வையுங்கள்; ஜீல் போன்ற செயலிகளில் மொழிகளின் கையேடு நெட் இல்லாமலே திறக்கும்.

சர்வரில் வேலை பார்ப்பவர்களுக்கு டிமக்ஸ் கட்டாயம். இணைப்பு அறுந்தாலும் நீங்கள் ஓடவிட்டது சர்வரில் ஓடிக்கொண்டே இருக்கும், திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளலாம். சர்வருக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச்சுக்குப் பதில் மோஷ் போட்டால் சிம் மாறினாலும் இணைப்பு தாங்கும். 20 கொண்டை ஊசி வளைவிலும் பஸ்ஸில் இருந்தபடி சர்வரில் இருந்து அறுபடாமல் வந்தவர்களை எனக்குத் தெரியும். குமட்டல் வராமல் வந்தவர்களைத் தெரியாது. இடி இடித்தால் சார்ஜரையும் லேன் கேபிளையும் பிடுங்கி வையுங்கள், பேட்டரியில் ஓடட்டும்.

காபி இல்லாம ஓடாதே?

ஏற்காட்டுக் கொட்டை வாங்கி வீட்டில் அரைத்துக் குடியுங்கள், நன்றாக இருக்கும். காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போக ஐந்து மணி நேரம் போல ஆகும், மாலை ஆறு மணிக் காபியைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை கிடைச்சா கம்பெனியே லேப்டாப் தருமே, சொந்தமா எதுக்கு?

லேப்டாப் தரும். நாற்காலி, இன்வெர்டர், ஃபேன் தராது. அந்தச் செலவு வீணாகாது. சொந்தத் திட்டம் எதையாவது எழுதுகிறீர்கள் என்றால் கம்பெனி மெஷினில் தொடாதீர்கள். அதில் எழுதியது அவர்களுக்கே சொந்தம் என்று வேலை ஒப்பந்தத்தில் இருக்கலாம், கையெழுத்துக்கு முன் அந்தப் பத்தியைப் படியுங்கள். வேலையை விடும் நாளில் மெஷின் மதியமே பூட்டப்படும், உங்கள் குடும்பப் படங்கள் அதில் இருந்தாலும்.

சொந்த மெஷினில் இருப்பதற்கு மூன்று நகல் வைத்துக்கொள்ளுங்கள்: மெஷினில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று, வேறு இடத்தில் ஒன்று. கிட்ஹப்பில் நிரல் இருப்பதை மூன்றாவதாகக் கணக்கில் எடுக்கலாம். பாஸ்வேர்டுகளையும் சாவிக் கோப்புகளையும் அங்கே ஏற்றாதீர்கள், அதற்கு பிட்வார்டன், கீபாஸ்எக்ஸ்சி போன்றவை இலவசமாக இருக்கின்றன. வெளி டிஸ்க்கை லேப்டாப் பையிலேயே போட்டு வைக்காதீர்கள். பை பஸ்ஸில் போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.